முதலில் தாமே அமர்ந்த மருத்துவர்

வேதபாடம்
வாசிக்க: எபிரெயர் 2:14-18, எபிரெயர் 4:14-16, மத்தேயு 4:5-7, கலாத்தியர் 6:2

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே, தாங்குவோரே,

 

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு மிஷனெரி மருத்துவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, வேதவசனத்தின் வெளிச்சத்தில் தியானிப்போம். இம்முறை நாம் பார்க்கப்போகிறவர் மிஷன் மருத்துவமனையில் ஒரு நாளும் பணிசெய்தவர் அல்லர். அவர் ராணுவ உடை அணிந்த மருத்துவர். அவருடைய நோயாளிகள் போர்விமானம் ஓட்டிய வாலிபர்கள். ஆனாலும் நீங்கள் காரிலோ விமானத்திலோ உட்கார்ந்து பெல்ட்டை மாட்டும் ஒவ்வொரு முறையும் அவர் பட்ட பாட்டின் பலனில் உங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. டாக்டர் ஜான் பால் ஸ்டாப் என்பது அவர் பெயர். அமெரிக்க விமானப்படையின் மருத்துவர்.

அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் கற்க விரும்புவது ஒன்றுதான். பிறருடைய பாரத்தைச் சுமக்க விரும்புகிறவன், முதலில் அவர்கள் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

1. மிஷனெரி வீட்டுப் பிள்ளை

ஜான் பால் ஸ்டாப் 1910-ம் ஆண்டு ஜூலை 11-ம் தேதி பிரேசில் நாட்டின் பஹியா பகுதியில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து அங்கு சென்ற பாப்டிஸ்ட் மிஷனெரிகள். பிள்ளைப்பருவம் ஊழியக்களத்திலேயே கழிந்தது. பின்பு படிப்புக்காக டெக்ஸாஸ் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டு, பேய்லர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1928-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை. உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தார். வீட்டில் குளிர்காய மூட்டியிருந்த நெருப்புக்குள் ஒரு கைக்குழந்தை தவழ்ந்து போய்விட்டது. உடல் முழுவதும் வெந்த அந்தக் குழந்தையை ஏறக்குறைய மூன்று நாட்கள் இரவும் பகலும் உடனிருந்து பராமரித்தார். குழந்தை பிழைக்கவில்லை. ஒரு உயிர் பிரிவதை அவர் அருகிலிருந்து கண்டது அதுவே முதல்முறை. அன்றே மருத்துவராகத் தீர்மானித்தார்.

தீர்மானம் ஒரு நாளில் பிறந்தது. அது நிறைவேறப் பதினாறு ஆண்டுகள் ஆயின. மருத்துவக் கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை. விலங்கியலில் பட்டம் பெற்று, ஒரு சிறிய பாப்டிஸ்ட் கல்லூரியில் ஆசிரியராக வேலைபார்த்தார். 1940-ல் உயிர் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்குப்பின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1944-ல், தம் முப்பத்து நான்காம் வயதில் மருத்துவரானார். அதே ஆண்டு ராணுவத்தின் விமானப்பிரிவில் சேர்ந்தார்.

நம் சபைகளில் ஒரு கூட்டத்தில் கை உயர்த்தி அர்ப்பணித்த வாலிபர் பலர் உண்டு. மறு வருஷமே அந்த அர்ப்பணிப்பு ஆறிப்போவதும் உண்டு. வழி உடனே திறக்கவில்லை என்பதால் அழைப்பு பொய்யாகிவிடுவதில்லை. பெற்றோர் பிரசங்க பீடத்தில் நின்றார்கள், மகன் பரிசோதனைக்கூடத்தில் நின்றார். அவருடைய உள்ளத்தின் விசுவாசத்தை எடைபோட நாம் வரவில்லை. அது தேவனுக்குத் தெரியும். ஒரு குழந்தையின் மரணத்தை மறக்காமல் பதினாறு ஆண்டுகள் உழைத்ததை மட்டும் குறித்துக்கொள்வோம்.

2. விமானிகளின் மருத்துவர்

விமானிகளுக்கென்று தனியாக ஒரு மருத்துவர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். முதல் உலகப்போர் நாட்களிலேயே இந்தத் தேவை உணரப்பட்டது. அமெரிக்க ராணுவம் 1918-ல் விமானிகளோடு தங்கி அவர்கள் நலத்தைக் கவனிக்கும் மருத்துவர்களை நியமிக்கத் தொடங்கியது. அவர்களை 'ஃபிளைட் சர்ஜன்' என்று அழைத்தார்கள்.

பூமியில் வாழ உண்டாக்கப்பட்ட சரீரம் நமக்குரியது. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. 40,000 அடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த உயரத்தில் பிராணவாயுக் குழாய் கழன்றுவிட்டால், அரை நிமிடத்துக்குள் விமானி செயலிழந்துவிடுவான். இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், மூளைக்குப் பிராணவாயு குறையும்போது அவனுக்கு வலி இருக்காது. தான் நலமாய் இருப்பதாகவும், மிகவும் மகிழ்ச்சியாய் இருப்பதாகவுமே எண்ணுவான். அப்படி எண்ணிக்கொண்டே மயங்கிவிடுவான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரண நோயாளி தன் வலியை மருத்துவரிடம் கூட்டியே சொல்வான். விமானியோ மறைப்பான். மருத்துவர் ஒரு கையெழுத்துப் போட்டால் அவன் பறப்பது நின்றுவிடும். காதடைப்பு, தலைசுற்றல், தூக்கமின்மை, மனச்சோர்வு என்று எதையும் சொல்லப் பயப்படுவான். ஆகவே விமானிகளின் மருத்துவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தால் ஒன்றும் தெரியவராது. அவர்களோடு உண்டு, அவர்களோடு பறந்து, அவர்களுடைய களைப்பைத் தானும் அறிந்தவராய் இருக்கவேண்டும். அப்போதுதான் அவன் வாய் திறந்து பேசுவான்.

தேவன் பரலோகத்திலிருந்து நமக்கு ஆலோசனை மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நம்மைப்போல மாம்சமும் இரத்தமும் உடையவராய்த் தம் குமாரனை நம் நடுவில் வாசம்பண்ண அனுப்பினார். எபிரெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இதைத்தான் விளக்குகிறது. எல்லாவற்றிலும் தம் சகோதரருக்கு ஒப்பானபடியினால்தான் சோதிக்கப்படுகிறவர்களுக்கு உதவிசெய்ய அவர் தகுதியுள்ளவரானார் என்று நிருபக்காரர் காட்டுகிறார்.

3. உயரத்தில் ஒரு கேள்வி

1946-ல் ஸ்டாப் ஓஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டு தளத்திலிருந்த விமான மருத்துவப் பரிசோதனைக்கூடத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, அழுத்தம் சீர்செய்யப்படாத விமானத்தில் 40,000 அடிக்கு மேல் பறந்து பிராணவாயுக் கருவிகளைச் சோதிப்பது.

அந்த உயரத்தில் விமானிகளுக்கு மூட்டுகளில் தாங்கமுடியாத வலி உண்டாகும். காரணம் எளியது. கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியவுடன் குமிழிகள் பொங்கி வருகின்றன அல்லவா? பாட்டிலுக்குள் அழுத்தம் இருக்கும்வரை வாயு கரைந்து கிடக்கிறது. அழுத்தம் போனவுடன் குமிழியாகிறது. நம் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவும் விமானம் வேகமாய் மேலே ஏறும்போது அப்படியே குமிழியாகிவிடுகிறது. மூட்டில் தங்கினால் வலி. மூளையிலோ தண்டுவடத்திலோ தங்கினால் பக்கவாதமோ மரணமோ நேரிடலாம்.

ஸ்டாப் தாமே அந்தக் குளிரிலும் மெல்லிய காற்றிலும் பலமுறை பறந்தார். விமானம் கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் சுத்தமான பிராணவாயுவைச் சுவாசித்தால், உடலிலுள்ள நைட்ரஜன் பெருமளவு வெளியேறி, இந்த வலி வராமல் தடுக்கப்படுகிறது என்று கண்டார். மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. பறப்பதற்கு முன் அரைமணி நேரம் பொறுமையாய் உட்கார்ந்திருந்தால் போதும். பெரிய வேதனைகளுக்குச் சில சமயம் இப்படிச் சிறிய பரிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் யாராவது ஒருவர் அங்கே போய்ப் பார்த்துவரவேண்டியிருக்கிறது.

4. 18 என்ற எண்

இரண்டாம் உலகப்போர் நாட்களில் விமானங்கள் விழுந்தபோது மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சில விபத்துகளில் விமானி உட்கார்ந்திருந்த அறை நசுங்காமல் அப்படியே இருக்கும். விமானி மட்டும் இறந்துகிடப்பார். இருக்கை பெயர்ந்திருக்கும், அல்லது பெல்ட் அறுந்திருக்கும்.

ஓடும் வண்டி திடீரென்று நிற்கும்போது நம் உடல் முன்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுவிசையைப் புவியீர்ப்பு விசையின் மடங்காகக் கணக்கிடுவார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மீது பத்து மடங்கு விசை விழுந்தால், அந்தக் கணத்தில் அவர் 600 கிலோ எடையுள்ளவர்போல ஆவார். மனித உடல் 18 மடங்குக்குமேல் தாங்காது என்பது அக்காலத்து எண்ணம். அதை நம்பி இருக்கைகளையும் அதற்குத் தக்க பலத்தோடுதான் செய்தார்கள். எப்படியும் சாகப்போகிறவனுக்குப் பலமான இருக்கை எதற்கு?

இந்த எண் சரிதானா என்று ஸ்டாப் கேட்டார். இருக்கை மனிதனைவிடப் பலவீனமாய் இருந்தால், மனிதனைக் கொன்றது விசையா, இருக்கையா?

1947-ல் கலிபோர்னியா மாநிலத்தின் பாலைவனத்திலுள்ள மியூராக் விமானத்தளத்துக்கு (பின்னர் எட்வர்ட்ஸ் தளம் எனப் பெயர்பெற்றது) அவர் அனுப்பப்பட்டார். அங்கே 2,000 அடி நீளமுள்ள தண்டவாளம் ஒன்று இருந்தது. அதன்மேல் ராக்கெட்டால் ஓடும் ஒரு வண்டி. வண்டியின்மேல் ஒரு நாற்காலி. கடைசியில் சில பாகங்களுக்குள் வண்டியை நிறுத்தும் பலமான பிரேக்குகள்.

முதலில் மனிதன் உட்காரவில்லை. வெறும் எடைகளை வைத்தும், பொம்மைகளை வைத்தும் ஓட்டிப் பார்த்தார்கள். விலங்குகளையும் பயன்படுத்தினார்கள். அவைகளின் வேதனையை நாம் இலேசாக எண்ணலாகாது. 1947 டிசம்பரில் மனிதன் அமரவேண்டிய நாள் வந்தபோது, அந்த நாற்காலியில் ஸ்டாப் தாமே அமர்ந்தார். ஒரு ராக்கெட் மட்டும் வைத்து, குறைந்த வேகத்தில் தொடங்கினார். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டினார். 18 மடங்கைக் கடந்தார். உயிரோடு இறங்கினார்.

1951 ஜூன் வரை அந்தத் தண்டவாளத்தில் மனிதர் அமர்ந்து 74 ஓட்டங்கள் நடந்தன. வேறு தன்னார்வத் தொண்டரும் அதில் பங்குகொண்டார்கள். ஆனால் அதிகமாய் அமர்ந்தவர்களில் ஒருவர் ஸ்டாப். அவருடைய வலது மணிக்கட்டு இருமுறை முறிந்தது. விலா எலும்புகள் உடைந்தன. பற்களில் அடைத்திருந்தவை தெறித்து விழுந்தன. கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பார்வை மங்கியது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அவர் எழுந்து, எந்தப் பட்டை எந்த இடத்தில் அழுத்தியது, எங்கே வலித்தது என்று எழுதிவைத்தார்.

அப்படி எழுதியதிலிருந்து பிறந்ததுதான் விமானிகளின் புதிய பாதுகாப்புப் பட்டை. பழைய பட்டை மோதலின் விசையை வயிற்றின்மேல் குவித்தது. புதியதில் தொடைகளின்மேல் செல்லும் பட்டையும் சேர்க்கப்பட்டு, எல்லாம் ஒரே இடத்தில் பூட்டப்பட்டன. விசை தோள், இடுப்பு, தொடை என்று உடலின் பலமான பாகங்களின்மேல் பகிர்ந்து விழுந்தது. பழைய பட்டையோடு 17 மடங்கைத்தான் தாங்கமுடிந்தது. புதியதோடு 45 மடங்குவரை தாங்கமுடிந்தது. மனிதன் மாறவில்லை. பாரம் பகிரப்பட்டது.

கலாத்தியர் 6:2-ஐ வாசிக்கும்போதெல்லாம் இது எங்கள் நினைவுக்கு வருகிறது. ஒரே இடத்தில் விழுந்தால் கொல்லக்கூடிய பாரம், பல தோள்களில் பகிர்ந்து விழும்போது சுமக்கத்தக்கதாகிறது. ஒரு ஏழைக் குடும்பத்தின்மேல் விழும் ஒரு அறுவைசிகிச்சையின் செலவு அந்தக் குடும்பத்தை முறித்துவிடும். அதே செலவு முந்நூறு குடும்பங்களின் மாதக் காணிக்கையில் பகிர்ந்து விழும்போது ஒருவரும் முறிவதில்லை. நீங்கள் அனுப்பும் தொகை சிறியதென்று நீங்கள் வருந்தி எழுதுவதுண்டு. அது ஒரு பட்டையின் ஒரு இழை. அறுந்துபோகாமல் இருப்பதே அதன் ஊழியம்.

5. 1954 டிசம்பர் 10

அதன்பின் அவர் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹாலமன் விமானத்தளத்துக்கு மாற்றப்பட்டார். ஜெட் விமானங்கள் மிக வேகமாய்ப் பறக்கத் தொடங்கியிருந்த காலம். ஆபத்தில் விமானி இருக்கையோடு வெளியே எறியப்பட்டுத் தப்பவேண்டும். அப்போது அவன்மேல் மோதும் காற்றின் வேகத்தையும், திடீரென்று வேகம் குறையும் அதிர்ச்சியையும் அவன் தாங்குவானா? ஒருவருக்கும் தெரியாது.

அங்கே ஒன்பது ராக்கெட்டுகள் பூட்டிய புதிய வண்டி தயாரானது. ஸ்டாப்புக்கு வயது நாற்பத்து நான்கு. இந்தமுறை கண்பார்வை நிரந்தரமாய்ப் போய்விடலாம் என்று அவர் அறிந்திருந்தார். ஆகவே முன்னதாகவே விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உடை உடுத்தப் பழகிக்கொண்டார் என்று அவரைக் குறித்து எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

1954 டிசம்பர் 10 அன்று வண்டி ஐந்து விநாடிகளில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. மேலே படம்பிடிக்கப் பறந்துகொண்டிருந்த ஜெட் விமானத்தையும் அது முந்திச் சென்றது. பின்பு 1.4 விநாடியில் நின்றது. அவர் உடலின்மேல் விழுந்த விசை 46 மடங்குக்கும் அதிகம். 60 கிலோ மனிதன் ஒரு கணம் ஏறக்குறைய 2,800 கிலோ எடையாவதற்குச் சமம் அது. வண்டி நின்றபோது அவர் கண்களில் இரத்தக்குழாய்கள் வெடித்திருந்தன. ஒன்றும் தெரியவில்லை. சில நிமிடங்கள் சென்றபின் மெல்ல மெல்ல வெளிச்சம் திரும்பியது. பார்வை பிழைத்தது.

அது அவருடைய இருபத்தொன்பதாவது ராக்கெட் ஓட்டம். அதுவே கடைசி ஓட்டமும்கூட. உலகத்தின் மிக வேகமான மனிதன் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. 1955 செப்டம்பரில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவருடைய படம் வந்தது.

பத்திரிகைகள் அதிகம் சொல்லாத இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். எட்வர்ட்ஸ் தளத்தில் இருந்த நாட்களில், பகலெல்லாம் ஆராய்ச்சியில் உழைத்துவிட்டு, மாலையில் அங்கிருந்த படைவீரர்களின் மனைவி மக்களுக்கு இலவசமாய் வைத்தியம் பார்த்தார். வீடு தேடிப்போய்ப் பார்த்ததும் உண்டு. அதற்கு ராக்கெட்டும் இல்லை, படம்பிடிப்பவரும் இல்லை.

6. தைரியமா, துணிகரமா?

இந்த இடத்தில் வேதம் நம்மை ஒரு கேள்வி கேட்கிறது. மத்தேயு 4-ம் அதிகாரத்தில் பிசாசு ஆண்டவரைத் தேவாலயத்தின் உயரத்தில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொன்னான். தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனத்தையும் எடுத்துக் காட்டினான். ஆண்டவர் குதிக்கவில்லை. அப்படிக் குதிப்பது தேவனைப் பரீட்சை பார்ப்பதாகும் என்று மறுத்தார். அப்படியானால் ஸ்டாப் செய்தது என்ன? அதுவும் ஒரு குதித்தல்தானா?

வித்தியாசத்தை இரண்டு இடங்களில் காணலாம். முதலாவது, யாருக்காக? தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதித்தால் கூட்டம் கைதட்டும், ஒருவரும் பிழைக்கப்போவதில்லை. அதே ஆண்டவர் பின்னாளில் சிலுவையிலிருந்து இறங்கிவரச் சொன்னபோதும் இறங்கவில்லை. அங்கே நம் ஜீவன் இருந்தது. குதிக்க மறுத்தவரும் இறங்க மறுத்தவரும் ஒருவரே.

இரண்டாவது, எப்படி? துணிகரம் ஆயத்தமின்றிப் பாய்கிறது. அன்பு அளந்து அடிவைக்கிறது. 1949-ல் இந்தச் சோதனைகளில் ஒன்றில் அளவிடும் கருவிகள் தவறாகப் பொருத்தப்பட்டு, ஒரு அளவும் பதிவாகவில்லை. எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் சலித்துக்கொண்டு சொன்னதே, தவறாய்ப் போகக்கூடியது எதுவும் தவறாய்ப் போகும் என்ற கருத்தில் 'மர்ஃபி விதி' என்று உலகமெங்கும் வேடிக்கையாய்ப் பரவியது. ஸ்டாப் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் சோதனைகளில் உயிர்ச்சேதம் நேராததற்குக் காரணமே, எதெல்லாம் தவறக்கூடும் என்று முன்கூட்டியே தேடித் தடுத்ததுதான் என்று பத்திரிகையாளரிடம் விளக்கினார்.

ஊழியத்தின் பெயரால் தூக்கமில்லாமல் வண்டி ஓட்டும் சகோதரர்கள் உண்டு. விசுவாசத்தின் பெயரால் சர்க்கரை வியாதிக்கு மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஹெல்மெட் இல்லாமல் ஜெபித்துவிட்டுக் கிளம்புகிறவர்களை எங்கள் விபத்துப் பிரிவில் பார்க்கிறோம். இதற்கு அர்ப்பணிப்பு என்று பெயரிடாதிருப்போமாக.

7. விமானியிலிருந்து வழிப்போக்கர்வரை

ஸ்டாப் தம் பணியின் நடுவில் வேறொன்றைக் கவனித்தார். இவ்வளவு பாடுபட்டு ஆகாயத்தில் காப்பாற்றிய விமானிகள், விடுமுறையில் கார் ஓட்டிச் சென்று சாலையில் மடிந்துகொண்டிருந்தார்கள். அக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் பெல்ட் இல்லை. விமானியின் நலம் விமானத்தோடு முடிந்துவிடுகிறதா என்று கேட்டு, 1955-ல் கார் விபத்து ஆராய்ச்சிக்கென்று ஹாலமன் தளத்திலேயே ஒரு மாநாட்டைக் கூட்டினார். பின்னாளில் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

கார்களில் பெல்ட் வேண்டும் என்று அவர் இடைவிடாமல் பேசினார். 1966 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்டபோது, ஸ்டாப்பும் அங்கே இருந்தார். 1968 முதல் அந்நாட்டின் புதிய கார்களில் பெல்ட் கட்டாயமாயிற்று. 1970-ல் விமானப்படையிலிருந்து கர்னலாக ஓய்வுபெற்றார். 1999 நவம்பர் 13 அன்று, 89-ம் வயதில், நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊரில், தம் வீட்டில் அமைதியாய்க் காலமானார்.

நம் நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் 1,68,000-க்கும் அதிகமானோர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அபராதத்துக்குப் பயந்து போலீஸ்காரரைக் கண்டவுடன் பெல்ட்டை மாட்டி, தாண்டியவுடன் கழற்றுகிறோம். ஒருவர் தம் எலும்புகளைக் கொடுத்து நமக்கு வாங்கித்தந்த பட்டை அது என்று எண்ணினால் அப்படிக் கழற்ற மனம் வருமா?

8. எங்கள் ஸ்ட்ரெச்சர்

இப்பாடத்தை முதலில் எங்கள் ஊழியர் ஜெபக்கூட்டத்தில் தியானித்தோம். முடிந்தபின் ஒரு மூத்த சிஸ்டர் எழுந்து, “டாக்டர், நம்மில் யாராவது ஒருநாள் நம்ம ஸ்ட்ரெச்சரில் படுத்துப் பார்த்திருக்கோமா?” என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை எங்களில் ஒருவர் படுத்துக்கொண்டார். அட்டெண்டர் தம்பி வழக்கம்போல விபத்துப் பிரிவிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நடைபாதையில், பழைய கட்டிடமும் புதிய கட்டிடமும் சேரும் இடத்தில், தரை இரண்டு விரல் உயரம் ஏறி நிற்கிறது. சக்கரம் அதில் இடித்தபோது தலையிலிருந்து கால்வரை ஒரு குலுக்கல். நல்ல உடம்புக்கே பல் கடித்தது. கால் முறிந்து வருகிறவர்கள் அந்த இடத்தில் அலறுவதைப் பல வருஷங்களாகக் கேட்டிருக்கிறோம். “பயப்படாதீங்கய்யா, ஒண்ணும் ஆகாது” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறோம். அவர்கள் பயத்தினால் அலறவில்லை. நாங்கள் இடித்ததினால் அலறினார்கள்.

மேஸ்திரி வந்து, அரை மூட்டை சிமெண்டில் ஒரே நாளில் அதைச் சாய்வாகப் பூசிக்கொடுத்தார். அன்று மாலை நாங்கள் செய்த ஜெபம் ஸ்தோத்திர ஜெபமாய் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் ஜெபமாயிருந்தது.

நம் பிரதான ஆசாரியர் நம் பலவீனங்களைத் தூரத்திலிருந்து கேள்விப்பட்டவர் அல்லர் என்று எபிரெயர் 4-ம் அதிகாரம் சொல்கிறது. நாம் படுத்திருக்கும் இடத்தில் அவரும் படுத்திருக்கிறார். பசி, களைப்பு, கண்ணீர், கைவிடப்பட்ட வேதனை, மரணம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆகையால்தான் தயங்காமல் அவரிடம் போகிறோம். அவருடைய பெயரால் நடக்கும் மருத்துவமனைக்கும் ஜனங்கள் தயங்காமல் வரவேண்டுமானால், நாங்கள் அவர் வழியில் நடக்கவேண்டும்.

பங்காளர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காணிக்கை அனுப்புவதோடு நிறுத்திவிடாதிருங்கள். ஒரு நாள் எங்களிடம் வாருங்கள். விருந்தினர் அறைக்கு வருமுன், ஓ.பி. வரிசையில் உள்ள பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். பிறகு உங்களுக்குத் தோன்றுவதை எங்களிடம் தாராளமாய்ச் சொல்லுங்கள். பாராட்டைவிட அது எங்களுக்கு அதிகப் பயனுள்ளதாயிருக்கும். வர இயலாதவர்கள் உங்கள் தெருவிலேயே நோயுற்றிருக்கும் ஒருவரின் கட்டில் அருகே அப்படி உட்காரலாம்.

குடும்ப ஜெபத்திலும் ஐக்கியக் கூட்டத்திலும் சிந்திக்க

1. அழைப்புக்கும் அது நிறைவேறுவதற்கும் நடுவே நீண்ட காலம் காத்திருந்த வேத பாத்திரங்கள் யார் யார்? அந்தக் காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்?

2. விமானி தன் நோயை மருத்துவரிடம் மறைப்பதுபோல, நாம் எதைத் தேவனிடமும் சபையாரிடமும் மறைக்கிறோம்? பிறர் நம்மிடம் மறைக்காமல் பேச நாம் என்ன செய்யவேண்டும்?

3. மத்தேயு 4:5-7-ஐ யோவான் 10:17-18-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். துணிகரத்துக்கும் தியாகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.

4. நாம் பிறருக்குச் சொல்லும் ஆலோசனைகளில், நாமே ஒருநாளும் செய்துபார்க்காத ஒன்று எது?

5. உங்கள் வீட்டில் வாகனத்தில் செல்லும் ஒவ்வொருவரும் பெல்ட், ஹெல்மெட் அணிகிறார்களா? இந்த வாரமே தீர்மானியுங்கள்.

ஜெபம்

எங்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, நாங்கள் உட்காரும் இடத்தில் நீர் முதலில் உட்கார்ந்தீர். உம்மைத் துதிக்கிறோம். ஆகாயத்தில் பறக்கிறவர்களையும், அவர்கள் நலத்துக்காக விழித்திருக்கும் மருத்துவர்களையும் காத்துக்கொள்ளும். சாலைகளில் எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாய் வீடு சேரும். நாங்கள் அறியாமல் இடித்து வேதனைப்படுத்தினவர்களுக்காக எங்களை மன்னியும். பிறர் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்க எங்கள் தோள்களைப் பலப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில் உங்கள் அன்பான உடன் ஊழியர்கள்,
மருத்துவமனைக் குடும்பத்தார்